முள்ளெலும்பு ஒட்டிவிட்டால் டைனோசர் வளர்ந்து முடித்துவிட்டதா?

கேள்வி இது: டைனோசரின் முள்ளெலும்பில் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றாக ஒட்டியிருந்தால் அது முழுதாக வளர்ந்த விலங்கு, ஒட்டாமல் இருந்தால் குட்டி என்கிறார்களே, இதை எவ்வளவு தூரம் நம்பலாம்? முதலை, பல்லி போன்ற மற்ற ஊர்வனவற்றுக்கும் இது பொருந்துமா?

வளர்ச்சி இன்னும் முடியவில்லை என்று ஒட்டாத எலும்பு சொல்வதைப் பெரும்பாலும் நம்பலாம். ஒட்டிய எலும்பு சொல்வதை மட்டும், அது முதுகில் எந்த இடத்து எலும்பு, எந்த விலங்கின் எலும்பு என்று தெரியாமல் நம்பக் கூடாது. இந்த வித்தியாசம் ஏன் வருகிறது என்பதைச் சொல்லத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் எலும்பைப் பார்ப்போம். முள்ளெலும்பு தொடக்கத்திலேயே ஒரே எலும்பாக உருவாவதில்லை. கருவில் குருத்தெலும்பாக இருக்கும் முதுகில் எலும்பாக்கம் தனித்தனி இடங்களில் தொடங்குகிறது. கீழே உருளைபோல் ஒரு துண்டு. இதைச் சென்ட்ரம் என்பார்கள், உடலின் பாரத்தைத் தாங்குவது இதுதான். மேலே தண்டுவடத்தைக் கூரைபோல் மூடிக்கொண்டு நரம்பு வளைவு. நம் முதுகைத் தடவினால் விரலில் தட்டுப்படும் மேடுகள் இந்த வளைவுகளின் உச்சிகள்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தகடு. அந்தத் தகடு உயிரோடு இருக்கும்வரை அதன் இரு புறமும் புது எலும்பு சேர்ந்துகொண்டே இருக்கும். தண்டுவடம் போகும் துளையும் அதற்கேற்ப அகலமாகும். வளர்ச்சி அடங்கும்போது தகடு மெலிகிறது, அங்கங்கே எலும்புப் பாலங்கள் விழுகின்றன, கடைசியில் இரு துண்டும் ஒன்றாகிவிடுகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் முதலில் ஒரு தெளிவான இடைவெளி, பிறகு வளைந்து வளைந்து ஓடும் ஒரு கோடு, பிறகு மங்கலான தடம், அப்புறம் ஒன்றுமே இல்லை. இந்தக் கோட்டை நியூரோசென்ட்ரல் தையல் என்கிறார்கள். மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடத்தைத் தையல் என்கிறோமே, அதே பொருளில்தான்.

ஆகவே தையல் மூடியிருப்பது நமக்கு நேரடியாகச் சொல்வது ஒன்றே ஒன்று: இந்த மூட்டில், இந்த இடத்தில், வளர்ச்சி நின்றுவிட்டது. முழு விலங்கும் வளர்ந்து முடித்ததா என்பது அதற்கு மேல் நாம் எடுக்கும் முடிவு. அந்த முடிவு எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு மனித உடலையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். பிறக்கும் குழந்தையின் முள்ளெலும்பு மூன்று துண்டுகளாக இருக்கிறது: ஒரு உடல் (அதாவது சென்ட்ரம்), வளைவின் இரு பாதிகள். வளைவுப் பாதிகள் முதல் வயதை ஒட்டிச் சேரத் தொடங்குகின்றன. வளைவும் உடலும் சேர்வது ஏறக்குறைய 3 முதல் 6 வயதுக்குள். ஆறு வயதுக் குழந்தையின் முள்ளெலும்பை மட்டும் பார்த்து, “தையல் மூடிவிட்டது, இது வளர்ந்த மனிதர்” என்று ஒருவர் எழுதினால் என்ன ஆகும்? நம் முள்ளெலும்புகளின் மேல், கீழ் விளிம்புகளில் இருக்கும் வளையத் தகடுகள் ஒட்டி முடிவது இருபதுகளில். எந்த மூட்டைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை பதினைந்து இருபது ஆண்டுகள் மாறுகிறது.

புதைபடிவத்தில் இது எப்படித் தெரியும் என்று பலருக்குச் சந்தேகம் இருக்கும். இளம் விலங்கு இறந்து சதை அழுகியதும் குருத்தெலும்புத் தகடும் அழுகிவிடும். அப்போது வளைவு தனியாகக் கழன்றுவிடுகிறது. ஆற்று நீர் மெல்லிய வளைவை ஒரு பக்கமும் கனமான உருளையை இன்னொரு பக்கமும் இழுத்துப் போய்விடும். தனியாகக் கிடைக்கும் டைனோசர் சென்ட்ரங்களில் பல இப்படி வந்தவைதான். அப்படி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால், வளைவு உட்கார்ந்திருந்த இரண்டு நீள்தடங்கள் தெரியும். அவை மொழுமொழுவென்று இருக்காது. மேடும் பள்ளமுமாக, ஈரமண்ணில் விரல்களை அழுத்தி எடுத்தது போலச் சுருக்கம் விழுந்திருக்கும். நான் முதன்முதலில் ஒரு முதலைக் குட்டியின் சென்ட்ரத்தை உருப்பெருக்கியில் பார்த்தபோது உடைந்த எலும்பு என்றே நினைத்தேன். உடைந்த இடத்தில் உள்ளே இருக்கும் கடற்பஞ்சு போன்ற எலும்பு தெரியும். தையல் முகத்தில் அப்படித் தெரியாது. சுருக்கங்களுக்கு மேலேயும் எலும்பின் சொந்த மேற்பரப்பு மூடியிருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்வது பெரிய விஷயம். பழகாவிட்டால் உடைந்த முதிர்ந்த எலும்பைக் குட்டி எலும்பு என்றும், குட்டி எலும்பை உடைசல் என்றும் எழுதிவிடுவோம்.

அந்தச் சுருக்கங்கள் வெறும் அலங்காரம் இல்லை. இரண்டு துண்டுகள் இன்னும் ஒட்டாத காலத்தில், முதுகு முறுக்கப்படும்போதும் வளைக்கப்படும்போதும் ஒன்றோடொன்று வழுக்காமல் பல் கோத்துப் பிடித்துக்கொள்ள அவை உதவுகின்றன. நைஜரில் கிடைத்த ஸ்பைனோஃபோரோசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் முதுகில் இந்தப் பல்கோப்பு எங்கே சிக்கலாக இருக்கிறது, எங்கே எளிமையாக இருக்கிறது என்று அளந்து, முதுகின் எந்தப் பகுதியில் எவ்வளவு அழுத்தம் விழுந்தது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய உடம்பு, முள்ளெலும்புகள் இன்னும் இரண்டு துண்டாக இருக்கும் நிலையிலேயே நடந்து, மேய்ந்து, வளர்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

சரி, இது வயதைக் காட்டும் என்று எப்படித் தெரிந்தது? இங்கேதான் முதலைகள் வருகின்றன. டைனோசர்களுக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவுகள் இரண்டு: பறவைகள் ஒரு பக்கம், முதலைக் குடும்பம் மறுபக்கம். 1996-இல் கிறிஸ்டோபர் புரோச்சு, குஞ்சு முதல் முதிர்ந்தது வரை முதலை வகைகளின் எலும்புக்கூடுகளை வரிசையாக வைத்துத் தையல்கள் எந்த ஒழுங்கில் மூடுகின்றன என்று பார்த்தார். கிடைத்த விடை அழகானது. மூடுவது வாலிலிருந்து தொடங்குகிறது. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே வால் எலும்புகளில் பெரும்பாலானவை ஒட்டியிருக்கின்றன. பிறகு இடுப்பு, முதுகு, மார்பு என்று முன்னோக்கி நகர்ந்து, கழுத்து எலும்புகள் கடைசியில் மூடுகின்றன. கழுத்துத் தையல்கள் மூடியிருந்தால், முதலையைப் பொறுத்தவரை அது எலும்பமைப்பில் முதிர்ந்த விலங்கு என்று தைரியமாகச் சொல்லலாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கருவில் எலும்பாக்கம் தொடங்கும் ஒழுங்கு இதற்கு நேர் எதிர். அது முன்னாலிருந்து பின்னால் போகிறது. முதலில் எலும்பாகத் தொடங்கியவை கடைசியில் ஒட்டுகின்றன. எனவே “முதலில் தோன்றியது முதலில் முடியும்” என்ற ஊகம் இங்கே செல்லாது.

இந்த ஆய்வின் தாக்கம் பெரியது. அதற்கு முன் ஒரு வால் எலும்பை வைத்துக்கொண்டு “தையல் மூடியிருக்கிறது, முதிர்ந்த விலங்கு” என்று எழுதுவதை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை. முதலைக் கணக்குப்படி பார்த்தால் அந்த வாக்கியத்துக்கு மதிப்பே இல்லை. முட்டையிலிருந்து நேற்று வந்த குஞ்சுக்கும் வால் தையல் மூடித்தான் இருக்கும். மாறாக, வால் எலும்பில் தையல் திறந்திருந்தால் அது வலுவான செய்தி, மிக இளம் விலங்கு. கழுத்து எலும்பில் இது அப்படியே தலைகீழ்: திறந்திருப்பதில் பெரிய செய்தி இல்லை, மூடியிருந்தால்தான் செய்தி. ஒரே அடையாளம், இடம் மாறினால் பொருள் மாறுகிறது. இதை ஒருவர் மனத்தில் வாங்கிக்கொண்டால் இந்தத் துறையில் பாதி புரிந்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

ஆனால் முதலையின் ஒழுங்கை டைனோசர்மேல் அப்படியே போர்த்தலாமா? 2007-இல் ராண்டல் இர்மிஸ் இதைச் சோதித்தார். டிரையாசிக் காலத்தில் முதலைபோன்ற தோற்றத்தோடு வாழ்ந்த ஃபைட்டோசார்களிலும் தையல்கள் பின்னாலிருந்து முன்னால்தான் மூடுகின்றன என்று கண்டார். ஆக அந்த ஒழுங்கு மிகப் பழையது. டைனோசர்களுக்கு வந்தபோது நிலைமை வேறாக இருந்தது. சிலவற்றில் முதலை ஒழுங்கு தெரிகிறது, சிலவற்றில் இல்லை. குழுவுக்குக் குழு மாறுகிறது. முதுகு வரிசை முழுவதும் கிடைக்காத நிலையில், ஒரு இடத்துத் தையலை வைத்து மற்ற இடங்களை ஊகிப்பதற்கு எதிராக அவர் எச்சரித்தார். நியாயமான எச்சரிக்கை. டைனோசர் இனங்களில் எத்தனையோ, நாலைந்து முள்ளெலும்புகளை மட்டும் வைத்துப் பெயர் பெற்றவை.

முதலையிலேயேகூட எல்லாம் ஒழுங்காக முடிந்துவிடுவதில்லை. டகெஹிடோ இகெஜிரி, அலிகேட்டர் என்ற முதலை வகையின் முள்ளெலும்புகளை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, உடல் பெரிதாகி வயது ஏறிய விலங்குகளிலும் தையலின் உட்பகுதியில் குருத்தெலும்பு நெடுங்காலம் மிஞ்சியிருப்பது தெரிந்தது. வெளியே கோடு மறைவதும் உள்ளே எலும்பு ஒன்றாவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. அதனால்தான் கவனமாக எழுதுகிறவர்கள் “ஒட்டியது”, “ஒட்டவில்லை” என்று இரண்டே சொல்லோடு நிறுத்துவதில்லை. திறந்தது, பாதி மூடியது, மூடியும் கோடு தெரிவது, கோடும் மறைந்தது என்று நிலை நிலையாகச் சொல்கிறார்கள். இப்போது புதைபடிவத்தை உடைக்காமல் சிடி ஸ்கேனில் உள்ளே பார்க்க முடிவது இந்த விஷயத்தில் பெரிய உதவி.

மண்டையோட்டுத் தையல்களையும் இதே நோக்கில் பயன்படுத்துவது உண்டு. அது இன்னும் ஆபத்தானது. 2016-இல் அலிடா பயேல் குழுவினர் ஈமு பறவையின் மண்டையோட்டையும் அலிகேட்டரின் மண்டையோட்டையும் ஒப்பிட்டார்கள். ஈமுவில் வயது ஏற ஏறத் தையல்கள் ஏறக்குறைய எல்லாமே மறைந்துவிடுகின்றன. அலிகேட்டரில் பல தையல்கள் திறந்தே இருக்கின்றன. சில வயதாக ஆக இன்னும் அகலமாகின்றன. நெருங்கிய உறவுகள் இரண்டும் நேர் எதிர்த் திசையில் போகும்போது, நடுவில் இருக்கும் டைனோசரின் மண்டையோட்டை எந்தக் கணக்கில் படிப்பது? முதுகெலும்பு இந்த அளவுக்கு மோசமில்லை. அதனால்தான் அது இன்னும் முதன்மையான சான்றுகளில் ஒன்றாக இருக்கிறது.

அடுத்து, “வளர்ந்த விலங்கு” என்ற சொல்லையே பிரித்துப் பார்க்க வேண்டும். இனப்பெருக்கம் செய்யும் நிலையை அடைவது ஒன்று. உடல் பெரிதாவது நிற்பது ஒன்று. எலும்புகள் ஒட்டி முடிவது ஒன்று. மனிதர்களில் இவை ஓரளவு பக்கத்தில் பக்கத்தில் நடப்பதால் நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். டைனோசர்களில் இவை வெகுதூரம் விலகியிருக்கின்றன. முட்டையிடும் காலத்தில் பெண் பறவையின் கால் எலும்புக் குழிக்குள், முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பைச் சேமித்துவைக்க ஒரு தனி வகை எலும்பு உருவாகும். இந்த மஜ்ஜைக்குழி எலும்பை 2005-இல் மேரி ஷ்வைட்சர் ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸின் தொடை எலும்பில் இருப்பதாக அறிவித்தார். 2008-இல் ஆண்ட்ரூ லீ, சாரா வெர்னிங் இருவரும் அத்தகைய எலும்பு இருந்த விலங்குகளின் வயதைக் கணக்கிட்டார்கள்: டெனன்டோசாரஸுக்கு 8, அலோசாரஸுக்கு 10, டைரனோசாரஸுக்கு 18. மூன்றுமே இன்னும் வளர்ந்துகொண்டிருந்த விலங்குகள். முட்டையிட்டுக்கொண்டே வளர்ந்திருக்கின்றன. அப்படியானால் தையல் திறந்திருக்கும் ஒரு தாயும் இருந்திருக்கலாம். அதைக் “குட்டி” என்று எழுதினால் எவ்வளவு பெரிய பிழை! டேவிட் ஹோன், ஆண்ட்ரூ ஃபார்கே, மாத்யூ வெடல் மூவரும் 2016-இல், வளர்ந்த டைனோசர் என்று எதைச் சொல்கிறோம் என்பதைத் தெளிவாக வரையறுத்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று ஒரு கட்டுரையையே இதற்காக எழுதினார்கள்.

நீள்கழுத்துச் சாரோபாட்களில் இந்த விலகல் கண்ணுக்கு முன்னால் மலைபோல் நிற்கிறது. 1900-இல் எல்மர் ரிக்ஸ் கொலராடோவில் தோண்டியெடுத்து 1903-இல் பெயரிட்ட பிராக்கியோசாரஸ், அன்றைக்குத் தெரிந்த டைனோசர்களிலேயே பெரியது. அதன் தோளில் காரகாய்டு என்ற எலும்பு தோள்பட்டை எலும்போடு ஒட்டவே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் வளர்ச்சி இன்னும் மிச்சம் இருந்திருக்கலாம். அர்ஜென்டினாவில் கிடைத்து 2014-இல் கென்னத் லகோவாரா குழுவினர் பெயரிட்ட டிரெட்னாட்டஸின் கை எலும்பை அறுத்துப் பார்த்தபோதும், இறக்கும் வேளையில் அது வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. மறுபக்கம், 1925-இல் சார்ல்ஸ் கில்மோர் விவரித்த காமராசாரஸ் எலும்புக்கூடு சுமார் 5 மீட்டர் நீளம்தான். ஏறக்குறைய ஓர் எலும்பும் குறையாத அபூர்வமான படிவம் அது. அதன் முள்ளெலும்புகளில் வளைவும் சென்ட்ரமும் தனித்தனியாக இருப்பது தெளிவாகத் தெரிகிறது. யாருக்கும் சந்தேகமில்லாத குட்டி. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இருக்கும் விலங்குகளில்தான் தகராறெல்லாம்.

உருவ அளவு வயதைக் காட்டாது என்பதற்கு இன்னும் கூர்மையான சான்று சீலோஃபைசிஸ். நியூ மெக்சிகோவின் கோஸ்ட் ராஞ்ச் என்ற இடத்தில் இந்தச் சிறு ஊனுண்ணியின் எலும்புக்கூடுகள் நூற்றுக்கணக்கில் ஒரே குவியலாகக் கிடைத்தன. ஒரே இனம், ஒரே இடம்; இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வராது. 2016-இல் கிறிஸ்டோபர் கிரிஃபினும் ஸ்டெர்லிங் நெஸ்பிட்டும் இவற்றில் எந்த எலும்பு எதற்கு முன் ஒட்டுகிறது, எந்தத் தசைத் தழும்பு எப்போது தோன்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஒரே ஒழுங்கு இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு விலங்குகளில் ஒன்று பல மூட்டுகள் ஒட்டி முதிர்ந்திருந்தது, மற்றது ஒட்டாமல் இளமையாக இருந்தது. பெரிய உடம்போடு எலும்பு முதிராதவையும், சிறிய உடம்போடு முதிர்ந்தவையும் இருந்தன. தொடக்க கால டைனோசர்களின் வளர்ச்சிப் பாதை விலங்குக்கு விலங்கு இவ்வளவு மாறியது. பிற்காலத்தில் பறவைகளில் அந்த நெகிழ்வு போய்விட்டது என்பது அவர்கள் முடிவு. இதற்கு முன் இப்படிப்பட்ட வேறுபாடுகளைப் பார்த்தால் “ஒன்று ஆண், ஒன்று பெண்” என்று சொல்லிவிடும் பழக்கம் இருந்தது. அந்த விளக்கத்தை இப்போது எளிதாக ஏற்க முடியாது.

மற்ற ஊர்வனவற்றைப் பற்றியும் கேட்டிருந்ததால் அவற்றையும் பார்த்துவிடுவோம். பல்லி, ஓணான், உடும்பு வகைகளில் கை கால் எலும்புகளின் நுனியில் தனி எலும்பாக்க மையங்கள் இருக்கின்றன. நமக்கு இருப்பது போலத்தான். அவை தண்டோடு ஒட்டியதும் அந்த எலும்பின் நீள வளர்ச்சி முடிந்தது. எனவே பல்லிகளில் முதுகைவிடக் கை கால் மூட்டுகளும் இடுப்பும்தான் முதிர்ச்சியைக் காட்ட அதிகம் உதவுகின்றன. 2002-இல் ஜெசிகா மைசானோ பல பல்லி இனங்களை ஒப்பிட்டு, இந்த ஒட்டுதல்கள் இனப்பெருக்க வயதுக்கு எவ்வளவு முன்னும் பின்னும் நடக்கின்றன என்பது இனத்துக்கு இனம் மாறுவதைக் காட்டினார். முதலை, ஆமை, டைனோசர்களுக்கு இப்படி நுனி மையங்கள் இல்லை. எலும்பின் நுனி வெறும் குருத்தெலும்புத் தொப்பிதான். அந்த வசதி இல்லாததால்தான் டைனோசர் ஆய்வாளர்கள் முதுகெலும்பை இவ்வளவு நம்ப வேண்டியிருக்கிறது.

கடலுக்குள் போன ஊர்வன இன்னொரு சிக்கலைத் தருகின்றன. இக்தியோசார்களில் நரம்பு வளைவு சென்ட்ரத்தோடு ஒட்டுவதே இல்லை, எவ்வளவு முதிர்ந்தாலும். கடற்கரைப் பாறைகளில் அவற்றின் முள்ளெலும்புகள் வட்டுகளாகத் தனித்தனியே கிடைப்பது இதனால்தான். தண்ணீர் உடம்பைத் தாங்கும்போது முதுகெலும்பு இறுக வேண்டிய தேவை குறைகிறது. நீர்வாழ் விலங்குகள் இளமைக்கால எலும்பமைப்பை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்வது பலமுறை நடந்திருக்கிறது. பிளீசியோசார்களில் வளைவு ஒட்டுகிறது. 1981-இல் டேவிட் பிரவுன் அதை அளவுகோலாக வைத்து இளையது, வளர்ந்தது, முதியது என்று வகுத்தார். இன்றும் அந்தச் சொற்கள் புழங்குகின்றன. ஆனால் பிளீசியோசார்களிலும் சில குழுக்கள் இளமை அமைப்பைத் தக்கவைத்தவை. அவற்றின் திறந்த தையலைப் பார்த்துக் குட்டி என்று முடிவு கட்டுவது சரியாக இருக்காது. திறந்த எலும்பைப் பெரும்பாலும் நம்பலாம் என்று மேலே சொன்னேனே, அதற்கு விதிவிலக்கு இவைதான்.

பறக்கும் டெரோசார்களில் முதுகின் முன்பகுதி முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, நோட்டேரியம் என்ற ஒரே தண்டாகி, சிறகடிப்பின் விசையைத் தாங்கும். டெரனோடான் போன்றவற்றில் இதன் நிலை வயதைக் காட்டும் நல்ல அடையாளம். ஆனால் இது வேறு வகை ஒட்டுதல் என்பதைக் கவனிக்க வேண்டும். இதுவரை பேசியது ஒரே முள்ளெலும்பின் இரண்டு துண்டுகள் சேர்வது. பக்கத்துப் பக்கத்து முள்ளெலும்புகள் சேர்வது தனிக் கதை, அதற்குக் காரணங்கள் பல. கொம்பு டைனோசர்களில் கழுத்தின் முதல் சில எலும்புகள் ஒரே கட்டியாக இணைந்திருக்கும். கனமான தலையைத் தாங்கும் அமைப்பு அது, நோயில்லை. இடுப்பில் சாக்ரல் முள்ளெலும்புகள் சேர்வது எல்லா டைனோசர்களிலும் நடப்பது, வளர்ச்சியின் ஒரு படி. டிப்ளோடோகஸ் போன்றவற்றின் நடு வாலில் இரண்டு மூன்று எலும்புகள் ஒட்டிக் கிடப்பதோ தசைநார்கள் எலும்பாகிப் போனதால் வருவது. அதை வளர்ச்சிப் படியாக எண்ண முடியாது. இவற்றையெல்லாம் “முதுகெலும்பு ஒட்டியிருக்கிறது” என்று ஒரே வாக்கியத்தில் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? தையலோடு சேர்த்து எலும்பை அறுத்துப் பார்ப்பதுதான் இன்று ஏற்கப்பட்ட வழி. மரத்தில் ஆண்டு வளையம் இருப்பதுபோலக் கால் எலும்பின் குறுக்குவெட்டில் ஆண்டுதோறும் வளர்ச்சி நின்ற கோடுகள் விழுகின்றன. இளம் வயதில் கோடுகளுக்கு நடுவே இடைவெளி அகலம், இரத்தக்குழாய்த் துளைகள் நிறைய. வயதாக ஆக இடைவெளி குறுகி, கடைசியில் எலும்பின் வெளி விளிம்பில் மயிரிழைக் கோடுகள் நெருக்கமாக அடுக்கி நிற்கும். இந்த அடுக்கு வந்துவிட்டால் விலங்கு வளர்ந்து முடித்தது. முதலைகள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2011-இல் ஹோலி உட்வர்ட் குழுவினர் அலிகேட்டர் எலும்பிலேயே இந்த இறுதி அடுக்கைக் காட்டி அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். கோடுகளிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. எலும்பு உள்ளிருந்து கரைந்து புதுப்பிக்கப்படும்போது தொடக்க ஆண்டுகளின் கோடுகள் அழிந்துபோகும், அவற்றைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். அருங்காட்சியகங்களுக்கும் ஒரே ஒரு படிவத்தை அறுக்கக் கொடுக்க மனம் வராது, அதுவும் புரிந்துகொள்ளக் கூடியதே.

இந்தச் சான்றுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து பேசிய வழக்கு ஒன்று அண்மையில் நடந்தது. 1942-இல் மொன்டானாவில் ஒரு சிறிய டைரனோசார் மண்டையோடு கிடைத்தது. கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1988-இல் அதற்கு நானோடைரனஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். 1999-இல் தாமஸ் கார், அது டி. ரெக்ஸின் இளம் வடிவம்தான் என்று வாதிட்டார். பெரும்பாலோர் அதை ஏற்றார்கள். 2020-இல் உட்வர்ட் குழுவினர் ஜேன், பீட்டி என்று செல்லப்பெயர் கொண்ட இரண்டு எலும்புக்கூடுகளின் கால் எலும்புகளை அறுத்து, ஒன்றுக்குச் சுமார் 13 வயது, மற்றதற்குச் சுமார் 15, இரண்டும் வளர்ந்து முடிக்காதவை என்று காட்டினார்கள். வழக்கு முடிந்தது போலத்தான் இருந்தது.

2025 அக்டோபரில் லிண்ட்சே ஸானோவும் ஜேம்ஸ் நாப்போலியும் வேறொரு எலும்புக்கூட்டோடு வந்தார்கள். டிரைசெராடாப்ஸ் என்ற கொம்பு டைனோசரோடு சேர்ந்து புதைந்து கிடைத்ததால் “சண்டையிடும் டைனோசர்கள்” என்று பெயர் பெற்ற படிவத்தில் இருக்கும் சிறிய டைரனோசார் அது. வளர் கோடுகளை எண்ணினால் வயது ஏறக்குறைய 20, வளர்ச்சி அடங்கியிருந்தது. முள்ளெலும்புத் தையல்களும் முதிர்ந்த நிலையைக் காட்டின. இரண்டு சான்றுகளும் ஒன்றையொன்று சாராதவை, ஒரே பதிலைத் தந்தன. வளர்ந்து முடித்த பிறகும் எடையில் பெரிய டி. ரெக்ஸில் பத்தில் ஒரு பங்குதான் என்றால், அது டி. ரெக்ஸின் குட்டியாக இருக்க முடியாது. எலும்புகளின் எண்ணிக்கையிலும், மண்டையோட்டில் நரம்புகள் போகும் வழிகளிலும் இருந்த வேறுபாடுகள் வளர்ச்சியில் மாறக்கூடியவை அல்ல என்றும் காட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், சீலோஃபைசிஸை ஆராய்ந்த அதே கிரிஃபினும் குழுவினரும் கிளீவ்லாந்து மண்டையோட்டோடு கிடைத்திருந்த நாவடி எலும்பை அறுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டுக்கு உடலெலும்பு எதுவும் இல்லாததால் எண்பது ஆண்டுகளாக அதன் வயதை அறிய வழியில்லாமல் இருந்தது. அந்தச் சிறிய எலும்பிலும் வளர்ச்சி முடிவை நெருங்கியதன் தடம் இருந்தது.

ஸானோவும் நாப்போலியும் ஜேனை டி. ரெக்ஸிலிருந்து பிரித்து, நானோடைரனஸில் ஒரு புதிய இனத்தின் முதற்படிவமாக வைத்து, லெதேயஸ் என்று பெயரிட்டிருக்கிறார்கள். 2020-இல் அதன் எலும்பில் படித்தது அப்போதும் சரி, இப்போதும் சரி: ஜேன் சாகும்போது வளர்ந்து முடித்திருக்கவில்லை. மாறியது, அது எதுவாக வளர்ந்திருக்கும் என்பதற்கான பதில்தான்.